நாணலுக்கு இடஒதுக்கீடு

இக்கட்டுரையில் நான் நேரில் கண்டவற்றையும், உடனிருந்தவர்களிடம் மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இவ்வரையறைக்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியின் தாழ்ந்த பகுதியாகிய கீழ்க்கரையில் ஒரு நாணற்படுகை இருக்கிறது. மேல்தெருக்களின் சாக்கடைநீர் அதனுள் புகுந்து, வேர்களுக்கிடையே ஊர்ந்து, நாற்றம் நீங்கி வெளியேறுகிறது. அண்மையில் இளம் பொறியாளர்கள் மூவர் என் வீட்டுக்கு வந்தனர். வேறு சில தாழ்வான குடியிருப்புகளிலும் அத்தகைய படுகைகளை அமைக்க எண்ணியிருப்பதாகவும், பழைய படுகையின் வரலாறு தேவை என்றும் கூறினர். அவர்கள் ஏற்கெனவே திரட்டி வந்திருந்த வரலாற்றைக் கேட்டுத் திகைத்தேன். அதை நட்டவர் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு சாமியாராம். நாணல் ஏற்றி வந்த லாரியைப் போராட்டக்காரர்கள் கொளுத்திவிட்டார்களாம். சாமியார் எவரும் வரவில்லை, லாரியும் கொளுத்தப்படவில்லை. கதையை நம்பிக் கட்டும் படுகையில் நீர் தேங்கும்; சரிவை அளந்து கட்டும் படுகையில்தான் நீர் ஓடும். ஆகவே அளந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிறர் பேச்சை அவர்கள் பேசியபடியே தருகிறேன். சொற்கள் சில முன்பின்னாக இருக்கலாம். பொருள் மாறவில்லை என்பதை, அன்று உடனிருந்தவரும் இன்றும் கீழ்க்கரையில் வாழ்பவருமான பச்சையம்மாளிடம் படித்துக் காட்டி உறுதி செய்துகொண்டேன். இரண்டு இடங்களில் அவர் என்னைத் திருத்தினார்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்று ஆசிரியனாக விரும்பினேன். வீட்டு நிலைமை என்னைக் கட்டடப் பணிப் பட்டயப் படிப்புக்கு அனுப்பியது. மட்டம் பார்க்கவும், கலவையின் பதம் அறியவும், ஒப்பந்தக்காரர் சொல்லும் அளவை நம்பாமலிருக்கவும் கற்றுக்கொண்டு, உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் பணி மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். ஊரார் வழக்கில் ஓவர்சியர். உண்மையில் நான் தொழில் கற்றது பொறியாளர் அரங்கநாதனிடம்தான்.

அவர் நான் எழுதிய அறிக்கையைக் கையில் வாங்க மாட்டார். எதிரே உட்காரச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, "இது பாத்ததா, கேட்டதா?" என்று வினவுவார். கேட்டது என்றால், "யார்கிட்ட?" என்பார். 'மிகவும்', 'கடுமையான' போன்ற சொற்கள் வரும்போது வலக்கைச் சுட்டுவிரலை மேசையில் ஒருமுறை தட்டுவார். அச்சொல்லை நான் அடித்துவிட வேண்டும். சினம் வந்தால் அவர் குரல் உயராது; மரியாதைதான் உயரும். "ஓவர்சியர் அவர்களே, தாங்கள் அந்தக் கால்வாய்ப் பக்கம் போகவே இல்லைன்னு நெனைக்கிறேன்" என்று அவர் சொன்னால், மறுபேச்சின்றி எழுந்து கால்வாய்க்குப் போய்விடுவது நல்லது. சாக்கடை ஓரத்தில் குந்தி, கையால் நீரை அள்ளி முகர்ந்து பார்த்த வேறொரு பொறியாளரை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. அலுவலகத் தாள்களில் ஆங்கிலம் கூடாது என்பது அவருடைய நெறி. ஒரு வேலைக்கென ஒரு நிலத்தைத் தனியே பிரித்து வைத்தால், அதனை 'இடஒதுக்கீடு' என்றே எழுதுவார். குப்பைக் கிடங்குக்கு இடஒதுக்கீடு, சந்தைக்கு இடஒதுக்கீடு என்று பல ஆண்டுகளாக எழுதி வந்தார். இலக்கணப்படி அச்சொல்லில் ஒரு குறையும் இல்லை. அதே சொல் சாலைகளில் முழக்கமாக எழுந்தபோதும், அலுவலகத்துக்குள் அது பழைய பொருளிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

இனிக் கீழ்க்கரையைப் பற்றி. கடைவீதியிலிருந்து ஊர் கிழக்கே சரிகிறது. சரிவின் மேற்பகுதியில் ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் இருந்தன. சரிவின் அடியில், புறம்போக்கில், குடிசைகள். குடிநீர்க் குழாய் மேல்தெருவின் கடைசி வீட்டோடு நின்றுவிடும். அவ்வீட்டின் பின்புறத்திலிருந்தே சாக்கடை கீழ்க்கரைக்குள் இறங்கும். பட்டா இல்லாத நிலத்துக்குக் குழாய் தர விதியில்லை என்றார்கள். சாக்கடை இறங்குவதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. சாக்கடை ஒரு குட்டையில் விழுந்தது. குட்டையின் கரையிலேயே கீழ்க்கரையின் ஒரே கிணறு இருந்தது. ஆண்களும் பெண்களும் அரிசி ஆலைகளிலும் கடைவீதியிலும் கூலி வேலை செய்தவர்கள். பெரும்பாலோர், அந்நாளில் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அச்சமூகத்தின் பெயரை நான் எழுதவில்லை. இந்நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள அது தேவைப்படாது.

படுகை அமைத்த ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்தில் கீழ்க்கரையில் வயிற்றுப்போக்கு பரவியது. கிணற்று நீரைச் சோதித்தார்கள், தேறவில்லை. மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: கிணற்றை மண்ணிட்டு மூடுவது, குடிசைகளை அகற்றி, ஊருக்கு வெளியே, பேருந்தேறி வரவேண்டிய தொலைவில் ஓரிடத்துக்கு மாற்றுவது. நீரைக் கெடுத்த மேல்தெருக்களைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை. அரங்கநாதன் மேலிடத்துக்குச் சென்று வாதாடி ஒரு மழைக்காலத்துக்குத் தவணை வாங்கி வந்தார். அந்த மழை முடிந்ததும் நீரை மீண்டும் சோதிப்பார்கள். தேறினால் கிணறும் வீடுகளும் இருக்கலாம். தேறாவிட்டால் ஆணை நடைமுறைக்கு வரும்.

நானும் அவருமாகச் சென்று இதை அறிவித்தபோது, பச்சையம்மாள் கிணற்றடியில் நின்றிருந்தார். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை அவருக்கு. குடிசைகளுக்கு நடுவே செங்கல் சுவர் வைத்த ஒரே வீடு அவருடையது. கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செங்கல் வாங்கித் தாமே எழுப்பியது. மேலே கூரை மட்டும் பழையது.

"அவ்ளோ தூரம் போனா மில்லுல அடுப்பு பத்தவெக்கிற நேரத்துக்கு எப்பிடி சார் வந்து சேர்றது? இன்னோர்த்திய வேலைக்கு வெச்சிக்குவான்" என்றார். பிறகு அரங்கநாதனைப் பார்த்து, "ஒரு மழைக்குள்ள இன்னா பண்ணிடுவீங்க?" என்று கேட்டார்.

"புல்லு நடப் போறோம்மா" என்றார் அவர்.

பச்சையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவுரு நல்லாத்தானே இருக்காரு?" என்பதே அந்தப் பார்வையின் பொருள். இதைப் படித்துக் காட்டியபோது, "ஆமா, அதான் நெனச்சேன்" என்று ஒப்புக்கொண்டார்.

இளையோர் கேட்டதால், படுகை அமைத்த முறையைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். சாக்கடை குட்டையில் விழுவதற்கு முன்பே அதை மறித்து, முதலில் ஒரு தொட்டிக்குள் விட்டோம். கனமான வண்டல் அங்கே படியும். அதை வாரந்தோறும் அள்ள வேண்டும். தொட்டியிலிருந்து நீர் நீண்ட பள்ளம் ஒன்றில் இறங்கும். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஏரிக் களிமண்ணை மிதித்துப் பூசினோம். இல்லையேல் அழுக்கு நீர் நேரே நிலத்தில் இறங்கிக் கிணற்றையே அடையும். களிமண்ணின் மேல் பெருங்கல், அதன் மேல் சரளை, மேலே பருமணல். சரிவு மிக மெல்லியதாக இருக்க வேண்டும்: நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியக் கூடாது, நிற்கவும் கூடாது. நீர்மட்டம் மணலின் மேற்பரப்புக்குக் கீழேயே இருந்தால் நாற்றமும் இராது, கொசுவும் வராது. இவ்வளவும் பாதி வேலைதான். மீதி வேலையை நாணல் செய்ய வேண்டும். அதன் வேர்கள் சரளைக்குள் இறங்கி வழி திறக்கும். அவ்வேர்களைச் சுற்றி வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்னும். சிமெண்டுக்கும் மின்மோட்டாருக்கும் இதில் இடமில்லை. அவை கீழ்க்கரைக்குக் கிடைக்கப் போவதும் இல்லை.

பள்ளம் வெட்டும் வேலையைக் கீழ்க்கரையார் செய்துகொண்டிருந்தபோதே, அந்த நிலத்தில் வேறெவரும் கொட்டகை போட்டுவிடாதபடி அறிவிப்புப் பலகை ஒன்று வைக்க அரங்கநாதன் விரும்பினார். வாசகம் இது: 'இடஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது. நாணற்படுகைக்காக.' முதல் வாக்கியம் பெரிய சிவப்பு எழுத்தில், இரண்டாவது அதற்குக் கீழே கருப்பில். ஓவியர் மாலையில் வந்தார். சிவப்பு வரியை எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மற்றதைக் காலையில் எழுதுவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் சென்றபோது கீழ்க்கரை முழுவதும் பலகையின் முன் நின்றது. சிலர் கையில் குடும்ப அட்டையை எடுத்து வந்திருந்தார்கள். ஆலையில் மூட்டை தூக்கும் ஏழுமலை, பச்சையம்மாளின் கொழுந்தனார், பத்தாம் வகுப்பு வரை படித்தவர், முதல் வரியை மூன்றாவது முறையாக எல்லாருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். அதனால் அவர் படித்ததை எவரும் ஐயுறவில்லை.

"வந்துடுச்சின்னு போட்டுக்கிறானுங்க. எத்தினி பர்சென்ட்டுன்னு இன்னும் எழுதல" என்றார் ஏழுமலை.

"நம்ம கீழ்க்கரைக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மொதல்ல நமக்கு. நாமதானே ஜாஸ்தி கத்தினோம்."

அந்நேரம் ஓவியர் வந்து சேர்ந்தார். கூட்டத்தைக் கண்டு மருண்டவர், விரைந்து ஏணியில் ஏறிக் கருப்பு வண்ணத்தில் 'நா' என்று எழுதினார்.

"நாட்டு மக்களுக்கு" என்றது ஒரு குரல்.

"இல்லய்யா, நாப்பது பர்சென்ட்டு."

"உன் பேராசையில இடி விழ. இருபது கேட்டதுக்கே நாய அடிக்கிற மாரி அடிக்கிறானுங்க."

ஓவியர் 'ண' எழுதினார். 'ற்' எழுதினார். எவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போதே நான் குறுக்கிட்டு விளக்கியிருக்கலாம். ஆனால் நான் சொல்லும் முன்பே தூரிகை 'படுகைக்காக' என்பதை முடித்துவிட்டது.

ஏழுமலை முழுவதையும் ஒரே மூச்சில் படித்தார். பிறகு என்னை நோக்கித் திரும்பினார்.

"இன்னா ஓவர்சியர் சார், நாங்க வெயில்ல ரோட்ல குந்திக்கினு மனுசனுக்குக் கேக்கிறோம். நீங்க இங்க புல்லுக்குக் குடுத்துக்கினு இருக்கீங்களா?"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. குடும்ப அட்டையுடன் வந்திருந்த ஒருவர் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு தலைகுனிந்து போனார். சிறிது நேரத்தில் பள்ளம் வெட்டுவோர் மண்வெட்டிகளைக் கீழே போட்டுவிட்டு, "புல்லே வந்து வெட்டிக்கட்டும்" என்று கிளம்பிவிட்டார்கள். மழைக்குச் சில வாரங்களே இருந்தன.

நிகழ்ந்ததை எழுதி அரங்கநாதனிடம் படித்தேன். அன்று அவர் மேசையைத் தட்டவில்லை. "சொல் சரி. அதைக் கேட்டவங்க காதும் சரி. எழுதின எடந்தான் தப்பு" என்றார். மறுநாள் கீழ்க்கரைக்குத் தனியே சென்றார். அங்கே என்ன பேசினார் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பச்சையம்மாள் சொல்வது: அவர் எதையும் விளக்கவில்லை; பள்ளத்தில் இறங்கி, அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினார்; அவர் வெட்டுவதைக் காணப் பொறுக்காமல் பெண்கள் இறங்கினார்கள். "அந்தாளு வெட்டின லட்சணத்துக்கு மழ வந்து ஓடிப் போயிருக்கும் சார்" என்பது அவருடைய கூற்று. பள்ளத்தைப் பெண்களே முடித்தனர். ஆண்களில் பலர் சாலை மறியலுக்குப் போய்விட்டிருந்தனர்.

அவ்வாண்டு ஏரிகள் வறண்டிருந்தன. சமவெளியில் நாணல் காய்ந்து சருகாகிவிட்டது. கல்வராயன் மலையில் மட்டும், வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடைக்கரையில் பசுமையாக இருந்தது. அங்குள்ள மலையூரார் கூடிப் பேசி, ஒரு நிபந்தனையோடு இசைந்தார்கள்: கரை அறுபடாதபடி, வேர்க்கொத்தாகிய ஒரு தூரை எடுத்தால் அடுத்த தூரை விட்டுவிட வேண்டும். லாரி தந்தவர் மேல்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஜமால் பாய். "எங்க வூட்டுத் தண்ணிதானே சார் அங்க போயி நாறுது. வண்டி நான் எடுத்தாறேன்" என்றவர், தாமே ஓட்டியும் வந்தார். மேல்தெருவில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் அவர் ஒருவரே.

மறியல் மலைச்சாலையை எட்டுவதற்கு முந்திய நாள் பச்சையம்மாளும் வேறு சில பெண்களும் எங்களுடன் மலைக்கு வந்தனர். மறுநாள் விடியுமுன் தூர்களை வேர்மண்ணோடு பெயர்த்து, நனைத்த கோணியில் சுற்றி அடுக்கினோம். அன்றைக்கே இறக்கி நட்டுவிட்டால் பிழைக்கும். வெயிலில் ஒருநாள் கிடந்தால் வேர்நுனிகள் கருகிவிடும். காலையில் மலையிறங்கினோம். கச்சிராயபாளையத்துக்கு முன்பாகவே சாலை அடைபட்டிருந்தது. பெரிய புளியமரம் ஒன்று வேரடியில் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தது. அதன் மேல் ஏழுமலை அமர்ந்திருந்தார்.

ஜமால் பாய் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார். "ஏம்பா, புல்லுதாம்பா. வெடிகுண்டு இல்ல."

"புல்லாச்சே பாய், அதுக்கென்ன கவல? அதுக்குத்தான் ஒதுக்கீடு கெடச்சிடுச்சே. எங்களுக்கு வர வரைக்கும் இங்க ஒரு வண்டியும் போவாது."

மரத்தடியில் இருந்தவர்கள் உரக்கச் சிரித்தார்கள். அரங்கநாதன் இறங்கி மரத்தருகே சென்றார். வண்டிக்கு வழிவிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. "குடிக்கத் தண்ணி வேணாம். வேருக்குத் தெளிக்கக் கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஏழுமலை கையை நீட்டிக் காட்டி, "அந்தாண்ட வாய்க்கால்ல கம்மியா ஓடுது. எடுத்துக்கோங்க" என்றார்.

பெண்கள் குடத்தில் நீர் கொண்டுவந்து கோணிகளை நனைத்தனர். வெயில் ஏறியது. வெட்டிக் கிடந்த புளியங்கிளைகளை இழுத்து வந்து தூர்களின் மேல் நிழலுக்குப் போட்டோம். கோணிகள் நனைத்த சிறிது நேரத்தில் உலர்ந்தன. பச்சையம்மாள் ஒரு தூரைப் பிரித்து வேரைப் பார்த்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

"ஏண்டா ஏழுமல, உங்க சட்டம் இன்னா? வண்டி போவக் கூடாது, அவ்ளோதானே?"

"ஆமா அண்ணி. கலெக்டர் வண்டியே போவாது."

"தலச்சொம போலாமா?"

ஏழுமலையின் அருகிலிருந்தவர், "நடந்து போறவங்கள நாம தடுக்கிறதில்லியே" என்றார்.

"அப்போ நான் இந்தப் புல்ல தலயில வெச்சிக்கினு ஊட்டுக்குப் போறேன். மரத்துக்கு அந்தாண்ட எவன் வண்டியாச்சும் மாட்டிக்கினு திரும்பிக்கினு இருக்கும், அதுல ஏத்திக்கிறேன். நீ ஒக்காந்துக்கோ. ஆனா ஒண்ணு, நாளைக்கு ஒதுக்கீடு வந்து நீ வேலைக்குப் போறப்ப, எங்க குடியிருக்கிறன்னு எழுதச் சொல்லுவான். கீழ்க்கரைன்னு எழுத அங்க ஊரு இருக்கணும்ல?"

அவர் முதல் கட்டைத் தலையில் ஏற்றி, மரத்தின் மேல் கால் வைத்தார். கிளை முறிந்து சறுக்கியது. ஏழுமலை எழுந்து கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததைத் திருப்பித் தராமல், மரத்தின் மறுபுறம் இருந்தவரிடம் நீட்டினார். "அண்ணி, நீ ஏறாத. கையில குடு" என்றார். அதன் பின் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. லாரியிலிருந்து மரம் வரை பெண்கள். மரத்தின் மேலும் அப்பாலும் மறியல் செய்தவர்கள். கட்டுகள் கை மாறிக் கை மாறிச் சென்றன. இடையில் ஒருவர், "எங்களுக்கு ஒண்ணும் வரல, நீ மட்டும் சொகுசா போறியா?" என்று ஒரு தூரைக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் தந்தார்.

மறுபுறம் திரும்பிப் போகவிருந்த மாட்டுவண்டிகள் கிடைத்தன. வழியில் இன்னும் இரண்டு இடங்களில் மரம் கிடந்தது. அங்கும் சுமை கைகளின் வழியே மரத்தைக் கடந்து, அப்பால் கிடைத்த வண்டியில் ஏறியது. ஒவ்வோர் இடத்திலும் மறியல்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி, "இதுதான் அந்த ஒதுக்கீடு வாங்கின புல்லா?" என்பதே. கீழ்க்கரையின் வேடிக்கை எங்களுக்கு முன்பே சாலை முழுவதும் பரவியிருந்தது. அதுவே எங்களுக்கு அனுமதிச் சீட்டாயிற்று. ஜமால் பாய் மட்டும் லாரியோடு மலையடிவாரத்தில் தங்கிவிட்டார். சாலை திறக்கும்வரை மறியல்காரர்களோடு ஒரே பானையில் பொங்கித் தின்றதாகப் பிற்பாடு சொன்னார். "கறி இல்ல, மத்தபடி நல்லாதான் கவனிச்சானுங்க" என்பது அவர் சான்று.

பொழுது சாய்வதற்குள் தூர்கள் அனைத்தையும் நட்டு முடித்தோம்.

சாலை திறந்து ஏழுமலை ஊர் திரும்பியபோது, அரங்கநாதன் பலகையில் அந்த வரியை மாற்றி எழுத ஓவியரை வரவழைத்திருந்தார். ஏழுமலை தடுத்தார்.

"அழிக்காதீங்க சார். எங்களுக்கு வர வரைக்கும் அது அங்கியே இருக்கட்டும். புல்லுக்குக் குடுத்தவங்க மனுசனுக்கு ஏன் குடுக்கலன்னு போறவன் வரவன் கேக்கட்டும்."

அரசு நிலத்தில் அரசுப் பலகை. அதில் உள்ள சொற்களோ முழக்கமாகிவிட்டன. விதிகளை நன்கறிந்த அரங்கநாதன் சற்று யோசித்தார். "வாசகத்துல பிழை ஏதும் இல்லை" என்று சொல்லி ஓவியரைத் திருப்பி அனுப்பினார். தம் மேலதிகாரிக்கும் அதையே எழுதினார். பின்னாளில் அச்சமூகத்தார்க்கும் வேறு பல சமூகத்தார்க்குமாக இடஒதுக்கீட்டு ஆணை வந்தது. அவர்கள் கேட்டவாறு தனியே வரவில்லை, எனினும் வந்தது. அதற்கடுத்த காலை பலகை அங்கே இல்லை. படுகையைக் கீழ்க்கரையார் இன்றும் 'ஒதுக்கீடு' என்றே அழைக்கின்றனர். "மாடு ஒதுக்கீட்டாண்ட மேய்ஞ்சிக்கினு இருக்குது" என்று பேசும் இளையோர்க்கு அப்பெயரின் காரணம் தெரியாது.

மழை வந்தது. நாணல் முதலில் மஞ்சளித்து, பிறகு அடியிலிருந்து புதுத்தளிர் விட்டது. படுகை குட்டையில் வடியும் கடைவாயில் நீர் முதலில் கலங்கலாகவும், மழை பாதி கடந்தபோது தெளிந்தும் வந்தது. நான் நாள்தோறும் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பேன். பச்சையம்மாள் எதிரே நின்று என் முகத்தைப் பார்ப்பார். அந்த மழைக்காலம் முழுவதும் அவருடைய வீடு ஒழுகியது. கூரையை மாற்ற அவர் கீற்று வாங்கவில்லை. வீடு அங்கே இருக்குமா என்று தெரியாமல் கூரை வேய்வதில் பொருளில்லை என்றார். சுவரோரமாகப் பானைகளை வைத்து ஒழுகலைப் பிடித்தார்.

மழை ஓய்ந்ததும் மக்கள் நலவாழ்வுத் துறையார் வந்து கிணற்று நீரை எடுத்துச் சென்றனர். முடிவு வந்த அன்று அரங்கநாதன் என்னை உட்காரவைத்து, தாமே அதை எனக்குப் படித்தார். எங்கள் வழக்கம் தலைகீழானது அன்று ஒருநாள்தான். நீர் தேறியது. குளோரின் தூள் இட்டுக் குடிக்கத்தக்கது என்றும், ஆறு திங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றும் இருந்தது. கிணற்றை மூடும் ஆணையும் வீடுகளை அகற்றும் ஆணையும் நிறுத்திவைக்கப்பட்டன.

நான் கீழ்க்கரைக்கு நடந்தே சென்று சொன்னேன். பச்சையம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ கூர மாத்திடலாமா சார்?"

மாற்றலாம் என்றேன். அந்த வாரமே மாற்றினார்.

பணி ஓய்வுக்குப் பின் மூன்று முறை அப்படுகையைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் நாணலை அறுக்காவிட்டால் அது அழுகி நீரைக் கெடுக்கும். அறுப்பதற்கென அலுவலகத்தில் ஒரு பணியிடம் என்றும் இருந்ததில்லை. கீழ்க்கரையார் தட்டிக்கும் வேலிக்குமாக அறுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அது நிற்கிறது. இளம் பொறியாளர்களிடம் நான் வற்புறுத்தியது இதைத்தான்: சரிவை நீங்கள் அளந்துகொள்ளுங்கள், ஆனால் அறுப்பவர் எவர் என்பதை முதலில் கேளுங்கள், அவர்கள் அங்கேயே குடியிருப்பார்கள் என்பதையும் உறுதி செய்யுங்கள். கேட்டுக்கொண்டார்கள். அவர்களுள் ஒரு பெண் பொறியாளர் மறுவாரமே கீழ்க்கரைக்குச் சென்று, பச்சையம்மாளோடு தொட்டியருகே குந்தி நீரை முகர்ந்து பார்த்தார் என்று அறிந்தேன். இருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தெரியாதவற்றையும் எழுதிவிடுகிறேன். அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்தது. கிணற்று நீர் நாணலால் தெளிந்ததா, மழையால் தெளிந்ததா, இரண்டாலுமா என்பதைப் பிரித்தறியும் சோதனை எதையும் நாங்கள் செய்யவில்லை. அது எனக்குத் தெரியாது. பலகையை எடுத்தவர் எவர் என்பது தெரியாது. வெளியூர் சென்ற ஏழுமலை இப்போது எங்கே இருக்கிறார் என்பது அவருடைய அண்ணிக்கும் தெரியாது. வீடுகளை அகற்றும் ஆணை நிறுத்திவைக்கப்பட்டதை நான் அறிவேன். அது இரத்து செய்யப்பட்டதா என்பதை எவரும் எனக்குக் காட்டவில்லை.